ஆணியில் தொங்கும் ரொட்டி

அன்புள்ள அண்ணை,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நேற்றுக் காலை, சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரோடு ஒரு ரொட்டிக்காகச் சண்டை பிடித்தேன். ஐம்பது தாண்டிய மனிதன், உள்பெனியனோடு, சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, உந்தப் பையைக் கழட்டினால்தானே சுவரை உரஞ்சலாம்," என்றார் அவர். 'ஐயா' என்றதில் பாதிக் கோபம் எனக்கு.

"சுத்திவர அடியும்."

"உள்ளுக்கை என்ன, சாமிப் படமோ?"

"ரொட்டி."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அவர் போன பிறகு துணிப்பையைத் திறந்து மணந்து பார்த்தேன். கருஞ்சீரகமும் எள்ளும் இன்னும் மணந்தன. ஓரத்தில் ஒரு கடி. நடுவில் அச்சால் குத்திய பூ. உங்கள் ஊர் நீல ஓடுகளில் கண்ட அதே பூ.

ஓய்வு பெற்ற பல் வைத்தியராக, உஸ்பெக் நாட்டுப் புகாராவிலிருந்து, லண்டனில் மகளோடு இருக்க எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தீர்கள். நாலு மூலைத் தொப்பி, நெஞ்சில் கை வைத்து ஒரு வணக்கம். நான் விடுவேனா? அன்றே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி விளிம்பு வரை, தட்டில் சிந்தச் சிந்த. நீங்கள் சூட்டோடு சூடாக விழுங்கி, நெஞ்சில் கை வைத்து, எழும்பிப் போய்விட்டீர்கள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை நாக்கே வெந்திருக்கும்.

"மனுசனுக்கு எங்கடை வீடு பிடிக்கேல்லை," என்றேன் மனைவியிடம். உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தால் சின்னக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றினீர்கள். "ஆள் கஞ்சன்," என்று தெருவின் இரண்டு பக்கமும் சொல்லி வைத்தேன்.

உங்கள் மகள்தான் வழக்கைத் தீர்த்தாள். உங்கள் ஊரில் பாதிக் கிண்ணம் என்றால், இரு, இன்னும் ஊற்றுகிறேன் என்று பொருள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். "நல்ல சனம், ஆனால் உள்ளே விட்ட கையோடு போகச் சொல்லுகினம்," என்று நீங்கள் அவளிடம் குறைப்பட்டீர்களாம். அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நீங்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்தீர்கள். நாக்குப் புண் ஆறவில்லையோ என்னவோ. அதன் பிறகு, நான் ஊர்க்கதை அளந்து நேரம் போக்கினால், என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்புவீர்கள். கண்ணில் அந்தக் குறும்பு.

அடுத்த வசந்தத்தில் எங்களை உங்கள் ஊருக்குக் கூட்டிப்போனீர்கள். அண்ணாந்து பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. நீலக் குவிமாடம், செங்கல்லையே பாய் பின்னியது போல அடுக்கிய கோபுரம், பழைய கல்விக்கூடங்களின் ஆளை விழுங்கும் முகப்புகள். பிறகு உங்கள் தெருவுக்குள் நுழைந்தால் வெறும் மண்சுவர், ஒரு யன்னல்கூட இல்லை. "பாவம், இவ்வளவு வருசம் பல்லுப் பிடுங்கியும் மிஞ்சினது இதுதான்," என்று மனைவியின் காதில் சொன்னேன். கதவு திறந்தது. உள்ளே முற்றம், அப்ரிகொட் மரம், கொடி செதுக்கிய மரத்தூண்கள், மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டிய வண்ணக் கூரை. எங்கள் ஆட்கள் லண்டனில் வாசலுக்கு இரண்டு சிங்கம் வைத்துவிட்டு, உள்ளே ஹீட்டரைப் போடாமல் ஜாக்கெட்டோடு இருப்பது நினைவுக்கு வந்தது. (என் சிங்கங்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. நன்றி.)

"பெரிய முகப்பு ஆண்டவனுக்கு," என்றீர்கள். "வீட்டுக்கு மண்சுவர் போதும்."

கடைசி முறை அந்தக் கூரையைச் செப்பனிடத்தான் தனியே கிளம்பினீர்கள். புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் மகள் சுட்ட ரொட்டியோடு வந்து, ஒரு வாய் கடித்து, மீதியை என் கையில் தந்தீர்கள். உங்கள் ஊர் வழக்கப்படி, பயணம் போகிறவர் கடித்த ரொட்டி சுவரில் தொங்க வேண்டும். திரும்பி வந்து அவரே அதை முடிக்க வேண்டும். மகள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று தொங்கியது. "எனக்குத் திரும்பி வர இரண்டு வீடு," என்றீர்கள்.

நீங்கள் வரவில்லை. அந்த முற்றத்திலேயே, நித்திரையில் போய்விட்டீர்கள். மகள் தன் வீட்டு ரொட்டியை அந்த வாரமே இறக்கிவிட்டாள். என்னால் ஏலவில்லை. இறக்கினால் நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

அதற்குப் பதில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். "மூண்டு குளிர்காலம், ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை! உஸ்பெக் கைப்பக்குவம்! கடியைப் பாருங்கோ, பல் வைத்தியர் எண்டால் சும்மாவோ, என்ன ஒழுங்கு!"

அந்தச் சண்டைக்குப் பிறகு எனக்கே வெட்கமாகி, நேற்று மாலை உங்கள் மகளிடம் கேட்டேன், இனி என்ன செய்வது என்று. "குப்பையில் போடக்கூடாது. பிய்த்துப் பறவைகளுக்குப் போடுங்கள்," என்றாள். கண் கலங்கியிருந்தது, கூடவே எதற்கோ சிரிப்பையும் அடக்கினாள்.

இன்று குளத்தடிக்குப் போகிறேன், அண்ணை. ஆணி மட்டும் இருக்கட்டும். பெயின்டர் சுற்றிவர அடிப்பார். உங்கள் வழக்கம் ஒன்று என்னோடு தங்கிவிட்டது: வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் இப்போது பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறேன். தெருவின் இரண்டு பக்கமும் என்னைக் கஞ்சன் என்கிறார்கள்.

இதுவரை எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மூக்கைத் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அவரின்ரை ரொட்டி ரெண்டாம் கிழமையே பச்சை பிடிச்சிட்டுது. நீங்கள் உடைஞ்சு போவியள் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் வேறை சுட்டுத் தந்தது. வருசத்துக்கு ஒண்டு மாத்துறனான். கடிக்கிறது நான்."