அக்காவின் ஜெபத்துக்கு என் தொண்டை

மாட்சிமை தங்கிய மருமகனே,

உன்னால் என் முழங்கால் இரண்டும் உலகப்போரில் அடிபட்டதுபோல வீங்கிக் கிடக்கின்றன. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உன் அம்மாவுக்குக் குரலே இல்லை. கோபித்துக்கொண்டு போன நீ வீடு திரும்ப வேண்டும் என்ற ஜெபத்தை மட்டும் நிறுத்தவில்லை. சர்ச் வாசலைக்கூட மிதிக்காத என்னை மண்டியிட வைத்து, "நீ சத்தமா சொல்லுடா" என்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். உன் பெயரை விழுங்கினால் தொடையில் கிள்ளுகிறாள். அந்தக் கிள்ளுக்கு யானையே அல்லேலூயா பாடும்.

"ஆண்டவருக்கே காது புளிச்சுப்போயிருக்கும், விடுக்கா" என்றேன். இன்னொரு கிள்ளு.

இன்று காலை அவள் அசந்து தூங்கிவிட்டாள். கிள்ள ஆளில்லை. ஆனாலும் என் முழங்கால் தானாக மடங்கியது, உன் பெயரும் வந்தது.

என்னையே மடக்கிய ஜெபம் உன்னை விட்டுவிடுமா? மரியாதையாக வந்து சேர்.

முட்டி வீங்கிய
உன் தாய்மாமன்