ராணுவ வக்கீலம்மாவின் முதல் குடும்ப வழக்கு

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரருக்கு, நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் உங்களைப் போலவே பிடிவாதமாக இருக்கிறதா?

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். வக்கீலம்மாவுக்கு வலது கை நான்தான் என்று போன கடிதத்தில் பீற்றிக்கொண்டது பொய். அலுவலகத்தைப் பெருக்கி டீ போடுகிறேன். டீயில் என்னை மிஞ்ச ஆளில்லை, அது நிஜம்.

இந்த அம்மா இருபது வருடம் ராணுவ நீதிமன்றத்தில் வழக்காடியவர். இப்போதுதான் குடும்ப வழக்குக்கு வந்திருக்கிறார். இன்று முதல் கேஸ். விவாகரத்து கேட்டு ஒரு பெண் வந்தாள். பேசித் தீர்க்கப் புருஷனும் வந்திருந்தார். கூட வந்திருந்த நான்கு வயதுக் குழந்தை யாரிடம் இருப்பது என்பதுதான் பெரிய சண்டை. வக்கீலம்மா அந்த மனிதரை, ஓடிப்போன சிப்பாயை விசாரிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

"உத்தரவு இல்லாம எத்தனை நாள் வீட்டை விட்டுப் போனீங்க?"

"பதினோரு நாள் மேடம். எங்கம்மா வீட்டுக்குத்தான்."

"நிமிர்ந்து நின்னு பதில் சொல்லுங்க!"

அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு இடுப்பு வலிங்க. என் புருஷனைத் திட்ட நான் இருக்கேன், நீங்க யாரு?" என்று புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

வக்கீலம்மா திருதிருவென விழித்தார். "கேஸ் போச்சா?"

"வீட்டுக்குப் போயிருக்கு மேடம்" என்றேன்.

உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். தலையணைக்கு உறை இல்லை. மாத்திரையை மறக்காதீர்கள், திட்ட ஆள் பக்கத்தில் இல்லை.

அவசரமாக முடிக்கிறேன், உங்கள் வீட்டுக்காரி. அந்தக் குழந்தை பின்னாலேயே வருகிறது என்று புருஷன் பெண்டாட்டி இருவரும் நினைத்துவிட்டார்கள். அது என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கிறது.