வாப்பா, உங்கள் வண்டி பாலம் ஏறிவிட்டது

வாப்பா, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். விரலில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். பக்கத்தில் உம்மா தூங்குகிறாள். உங்களுக்கு எழுதுவதைப் பார்த்தால் அழுவாள். நாளைக்கு அவள் வீங்கின கண்ணோடு போகக் கூடாது.

இதே வாடையோடுதான் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள். வண்டியின் பின்னால் நைட்டியும் பாவாடையும் கட்டிய மூட்டை, சட்டையில் களக்காட்டு ரோட்டுப் புழுதி, கையில் பெட்ரோல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வண்டியை நிழலில் சாய்ப்பீர்கள். நான் டார்ச் பிடிக்க வேண்டும். இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்தால் சாம்பல் நிறத்தில் வருமே, அந்தப் பசையைக் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் குழாயில் அப்புவீர்கள். மேனிபோல்டு என்பார்கள் அதை. பெட்ரோலும் காற்றும் கலந்து அதன் வழியாகத்தான் இன்ஜினுக்குள் போகும். நம் வண்டியில் அது பிளாஸ்டிக். சூட்டில் வெடித்து, வெடிப்பு வழியாக வேண்டாத காற்று புகுந்துவிடும். வண்டியை எங்காவது நிறுத்தினால் ஊளையிடும், இல்லாவிட்டால் பொசுக்கென்று அணைந்துபோகும்.

"புதுசு மாத்தலாமே வாப்பா" என்பேன்.

"இது இன்னும் ஒரு களக்காடு தாங்கும் புள்ள" என்பீர்கள். நன்றாக அப்பிவிட்ட நாளில், "ரெண்டு வள்ளியூர் தாங்கும்." கிலோமீட்டர் கணக்கெல்லாம் உங்களுக்குக் கிடையாது. உங்கள் நெஞ்சு இன்னும் எத்தனை களக்காடு தாங்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

உங்களுக்குப் பிறகு உம்மா வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் வண்டி சந்தில் நின்றது. நடுவில் பெரியவாப்பா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். தெருமுனைக்குள் மூன்று தடவை நின்றுபோனது. சட்டையெல்லாம் நனையத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இத எடைக்குப் போட்டுருவோம்மா. இவ்வளவு நாளு அவன் இத எப்படித்தான் மேய்ச்சானோ" என்றார்.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இத்தா முடியட்டும் மச்சான். துணி லைனுக்கு நானே போறேன்" என்றாள்.

பெரியவாப்பா சிரித்தார். "இந்த வண்டியிலயா? சரி. ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு தடவகூட அணையாமப் போய்ட்டு வரட்டும். நான் பின்னாலேயே வருதேன். வழியில அணைஞ்சா வண்டிய எடைக்குப் போட்டுட்டு, ரெண்டு பேரும் நம்ம வீட்டோட வந்துருங்க. பேச்சு முடிஞ்சிது."

பெரியவாப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நிற்பார்கள். நான் இப்போது பத்தாவது.

நான் எதற்கெல்லாம் பயப்படுவேன் என்று உங்களுக்குத் தெரியும். பல்லி, கணக்கு டீச்சர், பெரியவாப்பாவின் செருமல். ஆனாலும் போன வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் ஜங்ஷன் பக்கம் உள்ள ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பெருநாள் காசு பையில் இருந்தது. மேனிபோல்டு கேட்டேன்.

"யாருக்கும்மா?" என்றார் கடை அண்ணாச்சி.

"எங்க சாச்சாவுக்கு" என்று பொய் சொன்னேன். உங்களுக்குத் தம்பியே கிடையாது.

"கம்பெனி பிளாஸ்டிக் வேண்டாம். இது அலுமினியம். கம்பெனி சாமான் இல்ல, வெளிய அடிச்சது. ஆனா வெடிக்காது. சாச்சாகிட்ட சொல்லு, இடையில தடிச்ச பேக்கிங் அட்டை ஒண்ணு வைக்கணும், இந்தா. இல்லன்னா இன்ஜின் சூடு கார்புரேட்டருக்கு ஏறிரும். பழைய பசைய எல்லாம் சொரண்டணும். ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்திப் பைய முறுக்கணும். வெளங்குச்சா?"

தலையாட்டினேன். கடைக்கு வெளியே வந்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வீடு வருவதற்குள் வியர்வையில் பாதி அழிந்துவிட்டது.

நேற்று இத்தா முடிந்தது. இன்று சாயங்காலம் பாலம் என்று பெரியவாப்பா சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடம் லீவு. மதியம் உம்மா லுஹர் தொழுதுவிட்டுப் படுத்ததும் நான் சந்துக்குப் போனேன். பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, உங்கள் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றினேன். குழாய் என் கையிலேயே இரண்டாக உடைந்தது. இன்ஜின் வாயைச் சுற்றி உங்கள் பசை, அடுக்கடுக்காக. மேல் அடுக்கில் உங்கள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது வாப்பா. சுரண்ட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அதன் மேல் என் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சுரண்டினேன்.

அலுமினியக் குழாயையும் பேக்கிங்கையும் வைத்தேன். நழுவி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு போல்ட்டை முதலிலேயே முழுதாக இறுக்கிவிட்டேன். கார்புரேட்டரை மாட்டி, நாலு உதை உதைத்ததும் வண்டி பிடித்தது. அதே ஊளை. அணைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதேன். அழுதுகொண்டே குனிந்து பார்த்தபோது தெரிந்தது. ஒரு பக்கம் ஒட்டியிருக்க, மறுபக்கம் நகம் நுழைகிற இடைவெளி. அண்ணாச்சி சொன்னதில் அழிந்துபோன பாதி அதுதான். இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று முறுக்கினேன்.

இந்தத் தடவை இரண்டாவது உதையில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டேன். ஊளை இல்லை. ஒரே சீராக ஓடியது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் இருப்பது உங்களுக்கே தெரியாது வாப்பா. அணைக்கக் கையை நீட்டினேன்.

"அணைக்காத புள்ள." உம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். முக்காடுகூட ஒழுங்காக இல்லை. "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

என் கையைப் பார்த்தாள். கரியைப் பார்த்தாள்.

சாயங்காலம் உம்மா ஓட்ட, நான் பின்னால். ஈத்கா திடலில் நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே கிளட்சை விட்டாள். பெரியவாப்பா ஸ்கூட்டரில் தொடர்ந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலத்து ஏற்றத்தின் நடுவில் பஸ் நின்று, எல்லா வண்டியும் நின்றுவிட்டது. உங்கள் வண்டி எப்போதும் சாகிற இடம் அதுதான். கண்ணைத் திறந்து உம்மாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்தேன். முன்னால் பஸ் புகை, கீழே ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம், நடுவில் நம் வண்டி ஆடாமல் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பஸ் நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

அக்கரையில் நிறுத்தியதும் பெரியவாப்பா குனிந்து இன்ஜினைப் பார்த்தார். புதுக் குழாய் பளபளவென்று இருந்தது.

"நல்ல கைகாரன்தான். எந்த மெக்கானிக்கும்மா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"நான்தான் பெரியவாப்பா."

"நீயா? பல்லியக் கண்டா பக்கத்து வீட்டுக்கு ஓடுத புள்ளயா? உங்க வாப்பாவே பசை வச்சுத்தான ஓட்டுனான்."

"அதத்தான் சொரண்டி எடுத்தேன்."

அவர் செருமினார். நான் ஓடவில்லை. ஸ்கூட்டரை வீட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு உம்மாவிடம், "விடியக்காலையிலயே கெளம்பிரும்மா. வெயில் ஏறுனா களக்காட்டு ரோடு தாங்காது" என்றார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் செல்போன் என்னிடம்தான் இருக்கிறது. இந்த நாலு மாதமாக அது அடிக்கும்போதெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கிவிடுவேன். நீங்கள் இல்லை என்று என் வாயால் சொல்லப் பயம். இன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடித்தது. களக்காட்டு அக்கா ஒருத்தி. எடுத்தேன்.

"ஏன் பாய், எத்தன மாசமாச்சு, இந்தப் பக்கமே காணும்?"

"பாய் மவ பேசுதேன் அக்கா. வாப்பா தவறிட்டாவ." குரல் உடையவில்லை வாப்பா. அந்தப் பக்கம் அந்த அக்கா அழுதார். அழட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "நாளைக்கு உம்மா வருதாவ. உங்களுக்கு என்ன கலர்ல நைட்டி எடுத்து வைக்கணும்?"