ஜன்னலில் ஒட்டிய நீலத்தாள்

அட்டன்,
12.8.1957

அன்புள்ள அம்மாவுக்கு,

மத்தியாஸ் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

வெயில் கூசாதிருக்க என் வாடகைக் கார் ஜன்னல்களில் நானே ஆசையாக மெல்லிய நீலத்தாள் ஒட்டியிருந்தேனே, அதைப் பிய்த்துவிட்டேன். போன வாரம் லிந்துலை இசபெல் அக்காவும் உங்களைப் போலவே ஒரேயடியாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், தன் பிள்ளையைப் புதைத்த மேட்டைக் கடைசியாகப் பார்க்க, “பனி மூடிருச்சு தம்பி” என்று முந்தானையால் ஜன்னலைத் துடைத்துக்கொண்டே வந்தார். அது பனியில்லை, என் தாள் என்று மேட்டைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் திரும்பவில்லை.

பசை இன்னும் போகவில்லை. துடைக்க உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள்.

சவாரிக்கு ஆள் நிற்கிறார்கள். நீங்கள் போன அன்றும் அந்தத் தாள் இருந்ததே அம்மா, நம் தோட்டத்து லயத்து வீட்டு ஆட்கள் ரோட்டில் நின்று கைகாட்டியது உங்களுக்குத் தெரிந்ததா?

உங்கள் மகன்,
மத்தியாஸ்