ஓடக்காரி வெள்ளச்சியின் விடுதலைத் தீர்ப்பைத் திருத்த மறுத்துக் கழிப்புல நடுவர் விடுத்த ஓலை

ஏழு புலங்களும் இணைந்த கூட்டரசின் தலைவர், இரு கடலுக்கு இடைப்பட்ட நிலத்தின் காவலர், கோ ஆதவரையர் திருமுன்பு, கழிப்புலத்துக் கூட்டரசு மன்றத்தின் நடுவர் சாத்தன் அமுதன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை தப்பாமல் பெய்க. ஆறுகள் நிறைந்து ஓடுக. அவற்றைக் கடக்க விரும்புவோர் தடையின்றிக் கடந்து செல்க.

தாங்கள் அனுப்பிய இரண்டு ஓலைகளும் நேற்று முற்பகல், மன்றம் கூடியிருந்த வேளையில் வந்து சேர்ந்தன. ஓடக்காரி வெள்ளச்சியை விடுவிக்கும் தீர்ப்பை நான் திருத்தாவிட்டால் என்னைப் பதவியிலிருந்து நீக்குவதாக முதல் ஓலை சொல்கிறது. திருத்தினால் ஒன்பதின்மர் அமரும் உச்ச மன்றத்தில் எனக்கு ஓர் இருக்கை உண்டு என்று இரண்டாம் ஓலை சொல்கிறது. இரண்டையும், அடியில் இட்ட தங்கள் முத்திரை குலையாமல், திருப்பி அனுப்புகிறேன். தீர்ப்பு திருத்தப்படாது.

நடந்தது தங்கள் செவிக்கு முழுமையாக வந்திருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆகவே மன்ற ஏட்டில் உள்ளபடி சொல்கிறேன். தங்கள் புதிய அணையால் தம் கழிகளில் நீர் வற்றிப்போனதை ஏழு புலத்தாரும் கூடும் பேரவையில் முறையிடக் கழிப்புலத்து மக்கள் பன்னிருவர் நெடுவாய் ஆற்றைக் கடந்து வயற்புலத்துக்குப் போனார்கள். முறையிடப் போகிறவர்களை எவரும் ஏற்றிச் செல்லலாகாது என்று தாங்கள் ஆணையிட்டிருந்தீர்கள். வெள்ளச்சி ஏற்றிச் சென்றாள். துறைக்காவல் தலைவன் கொற்றன் அவள் ஓடத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, அவளைச் சிறையில் அடைத்தான். குற்றம் இன்னதென்று எழுதவுமில்லை, விசாரிக்கவுமில்லை. தீர்ப்பு நாளன்று அவள் உள்ளே போய் நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

இவ்வழக்கில் கூட்டரசு நடுவருக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். இவ்வழக்கை நான் தேடிப் போகவில்லை. வெள்ளச்சியின் தம்பி முறையிட்டது கழிப்புலத்தாரின் சொந்த நாட்டவையில்தான். அந்த அவையினர் எழுவரும் வாரம் ஒருமுறை அவள் ஓடத்தில் ஏறுகிறவர்கள் என்பதைத் தங்கள் வழக்குரைஞர் மாணிக்க நம்பி அறிந்து அஞ்சினார். கொற்றன் கூட்டரசின் பணியாள் என்றும், ஆறு இரு புலங்களுக்கும் பொது என்றும், இது கூட்டரசின் ஒப்பந்தச் செப்பேட்டைப் பற்றிய வழக்கு என்றும் அவரே வாதாடி, வழக்கை நாட்டவையிலிருந்து எடுத்து என் மன்றத்துக்குக் கொண்டுவந்தார். அவர் சொன்ன மூன்றும் சரியே, ஆகவே ஏற்றுக்கொண்டேன். தாங்களே தேர்ந்தெடுத்த வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டு, தீர்ப்பைக் கேட்ட பின் வாசல் தவறு என்று சொல்வது அரசுக்கு அழகன்று.

சாட்சி சொல்பவரின் பேச்சைப் பேசியபடியே ஏட்டில் எழுதுவது எம் வழக்கம். ஆகவே வெள்ளச்சியின் சொல்லை மெருகிடாமல் தருகிறேன். ஆணையை அறிந்தும் ஏன் ஏற்றினாய் என்று நம்பி வினவியதற்கு அவள் உரைத்தது: “ஏறுறவங்ககிட்ட எந்தக் கரைன்னு கேப்பேன் ஐயா, எதுக்குன்னு கேட்டதில்ல. பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டுப் போறவனும் ஏறுவான், ராசாமேல புகார் சொல்லப் போறவனும் ஏறுவான். ரெண்டு பேருக்கும் துடுப்பு ஒண்ணுதான். இந்தா நிக்குறாரே கொற்றன் தலைவரு, இவரு மாமியாருக்குத் தெரியாம அக்கரைக் கோழிச்சண்டைக்குப் போனப்பவும் நாந்தான் ஏத்திட்டுப் போனேன். அன்னிக்கு உத்தரவு எங்கன்னு இவரும் கேக்கல, நானும் கேக்கல.” அவை சிரித்தது. கொற்றனும் சிரித்துவிட்டுத் தலைகுனிந்தான் என்று ஏடு எழுதுபவன் குறித்திருக்கிறான்.

என் தீர்ப்பு சிரிப்பில் பிறந்ததன்று. ஏழு புலங்களும் ஒன்று சேர்ந்த நாளில் வெட்டிய செப்பேட்டின் நான்காம் வரி, ஒரு புலத்தார் மற்றொரு புலத்துக்குப் போவதையும் பேரவையில் முறையிடுவதையும் எவரும் தடுக்கலாகாது என்கிறது. ‘எவரும்’ என்ற சொல்லுக்குள் அரசரும் அடக்கம். அந்தச் செப்பேட்டில் தங்கள் பாட்டனார் தம் கையால் குறியிட்டிருக்கிறார். அதற்கு மாறான ஆணை, யார் பிறப்பித்தாலும் ஆணையாகாது. சென்ற மாசியில் தங்கள் அமைச்சர் இந்த ஆணைக்கு முன்கூட்டியே என் ஒப்புதலைக் கேட்டார். இரு தரப்பார் வழக்காக வந்து நின்றாலன்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை என்று மறுமொழி விடுத்தேன். இப்போது வழக்கு வந்தது, சொன்னேன்.

நான் தவறியிருக்கலாம். தவறும் மனிதர்கள் நடுவராவார்கள் என்பதை அறிந்தே முன்னோர் மேலே படிகள் வைத்தார்கள். புலத்துக்கு ஒன்றாய் உள்ள எங்கள் மன்றங்களுக்கு மேல் வட்ட மன்றம் உண்டு. அங்கே மூவர் அமர்ந்து என் ஏட்டைப் படிப்பார்கள். புதுச் சாட்சியை அவர்கள் கேட்பதில்லை. சட்டத்தில் நான் பிழை செய்தேனா என்றே பார்ப்பார்கள். அதற்கும் மேல் ஒன்பதின்மர் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்வார்கள், வேண்டாமென்றால் வட்ட மன்றத்தின் சொல்லே நிற்கும். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை; தீர்ப்பு வந்து பன்னிரண்டு நாளே ஆகிறது. அதுவரை என் தீர்ப்பை நிறுத்திவைக்கும்படியும் மூவரிடம் கேட்கலாம். நம்பி இதுவரை ஓர் ஓலைகூட அங்கே அனுப்பவில்லை. அந்தப் படியில் ஏறுவது தங்கள் உரிமை. படியை விட்டுவிட்டு என் கையை முறுக்குவது எவருக்கும் உரிமையன்று.

என்னை நீக்குவது பற்றி ஒரு சொல். எனக்குப் பதவி தந்த ஓலையைத் தங்கள் தந்தையார் எழுதினார், பேரவை இசைந்தது. துறைத்தலைவனுக்கும் அமைச்சருக்கும் எழுதும் ஓலையில் இடப்பக்க ஓரத்தில் பதவி முடியும் நாளைக் குறிப்பார்கள். நடுவரின் ஓலையில் அந்த ஓரம் வெறுமையாக விடப்படும். நான் கெட்ட நடத்தை உடையவன் என்று பேரவை விசாரித்துக் கண்டால் அது என்னை நீக்கட்டும். பிடிக்காத தீர்ப்புக்காக அந்த ஓரத்தில் நாள் குறிக்கத் தங்கள் எழுத்தாணிக்கு இடமில்லை.

இனி, சிறைக்காவலன் மூக்கன் பற்றி. மன்ற முத்திரையிட்ட விடுதலை ஓலையை மும்முறை அனுப்பினேன். அரச முத்திரை இல்லாமல் கதவைத் திறக்க மாட்டேன் என்று மும்முறையும் மறுத்துவிட்டான். தாங்கள் அனுப்பிய ஓலைகளில் அம்முத்திரை இரண்டு என் கைவசம் இருந்தன. ஒன்றை வெட்டி ஒட்டினால் அவள் நேற்றே வீடு சேர்ந்திருப்பாள் என்று என் ஏடு எழுதுபவன் சொன்னான். மறுத்தேன். மன்ற முத்திரைக்குத் திறக்காத கதவு நாட்டில் ஒன்று இருக்குமானால், செப்பேட்டை உருக்கிப் பானை வார்த்துக்கொள்ளலாம்.

எம்மிடம் படையில்லை, யானையில்லை, ஓர் ஏவலனும் ஓர் எழுத்தாணியுமே உண்டு. ஆகவே நாளை நண்பகலில், விடுதலை ஓலையை நானே ஏந்தி, காவலர் எவருமின்றி, அச்சிறை வாசலில் நிற்பேன். மூக்கன் அதைப் படித்து அக்கணமே வெள்ளச்சியை விடுவிக்கவும், கொற்றன் அவள் ஓடத்தை நிமிர்த்தி நீரில் இறக்கித் தரவும் இம்மன்றம் கட்டளையிடுகிறது. அவர்கள் கீழ்ப்படியக்கூடாது என்பது தங்கள் விருப்பமானால், என்னைப் பிடிக்கச் சொல்லி இன்றே ஆள் அனுப்புங்கள். அக்கதவு அவளை வெளியே விடத் திறக்க வேண்டும்; இல்லையேல் என்னை உள்ளே விடத் திறக்க வேண்டும். நாளை நண்பகலில் அது திறக்கும்.

கழிப்புல மன்றத்தின் துலாக்கோல் முத்திரையிட்டு, அவையோர் காண, என் கையால் எழுதியது. மன்ற முத்திரை ஒன்றே. வேறு முத்திரை இதற்குத் தேவையில்லை.

சாத்தன் அமுதன்
நடுவர்