செல்லக்கிளிக்கு வராத சர்க்கரை

வடக்குத்து,
ஞாயிற்றுக்கிழமை.

மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்கு, இல்லாத சர்க்கரை நோய்க்கு ஒன்பது நாள் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நீயும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போனில் நீ பாதிதான் கேட்டாய். முழங்கால் வலிக்கென்று அந்தப் புதுத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனவள், விலாசம் கேட்டதும் முப்பத்தொரு வருஷம் குடியிருந்த சுரங்கக் குவார்ட்டர்ஸ் நம்பரைச் சொல்லிவிட்டாள். நான் ரிட்டயராகி அதைக் காலி செய்து நாலு வருஷமாகிறது, ஆனாலும் நமக்கெல்லாம் பெயருக்கு முன்னால் வாயில் வருவது அந்த நம்பர்தானே. இப்போது அங்கே இருக்கும் வளர்மதி என்கிற அம்மாள் அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவள். கவுண்ட்டர் பெண் கம்ப்யூட்டரில் அந்த நம்பரைத் தட்டியிருக்கிறாள், வளர்மதி பெயர் வந்திருக்கிறது. பேரு தப்பா ஏறியிருக்கும்மா, மாத்திடறேன் என்று பெயரை மட்டும் செல்லக்கிளி என மாற்றிவிட்டாள், நோயெல்லாம் அப்படியே உன் அம்மா தலையில். டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்து, சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா என்று அதட்டி அளவைக் கூட்டி எழுதினார். நான் கத்துவேன் என்று அவள் என்னிடம் மறைத்தாள். ஒன்பதாம் நாள் காய்கறிக் கடை வாசலில் விழுந்தாள். வேறு டாக்டரிடம் தூக்கிப் போனபோது சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது, எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்தாம்.

ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தரும் நீ, கேட்டவுடன், டைப் பண்ண பொண்ணு தப்புப்பா, சிஸ்டம் தப்பு இல்ல என்றாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் ரிப்பேருக்கு இறங்கினால், அதை நிறுத்திய சுவிட்சில் என் பெயர் எழுதிய அட்டை தொங்கும், நானே வந்து கழற்றும்வரை எந்த அதிகாரியும் அதைத் தொடக் கூடாது. மனிதன் தவறுவான் என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. முன்பு டாக்டர் எழுதிய நோட்டு உன் அம்மா கையிலேயே இருந்தது. இனி எல்லா ஆஸ்பத்திரியும் ஒன்றாக இணையும் என்கிறாய், அப்படியானால் இந்தப் பொய் அவள் போகுமிடமெல்லாம் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் இருவர் விவரத்தையும் பிரித்து அச்சிட்டுத் தர வேண்டும், நாளை போய் உட்காருவேன், வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன். வளர்மதியின் மருந்து விவரம் காணாமல் போனதை அந்த டாக்டரே நேரில் போய் அவளிடம் சொல்ல வேண்டும். உங்கள் கம்பெனி எழுதும் புரோகிராமில் நோயாளி சம்மதிக்காமல் பெயரை மாற்ற வழி இருக்கிறதா என்று நீ பார்த்து அடைக்க வேண்டும். கோபம் உன் மேலும்தான், ஆசிக்கு அதனால் குறைவில்லை, பிள்ளைகளுக்கும் சொல். இன்னும் ஒன்று மறக்காதே. உன் அம்மா இன்றும் டீயில் சர்க்கரை போடவில்லை. கம்ப்யூட்டர்லயே இருக்குது, நீங்க சும்மா கத்திகினு இருக்கீங்க என்கிறாள். கம்ப்யூட்டர் படித்தவள் நீ, அவளுக்கு அந்த நோய் இல்லை என்று நீதான் அவளிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனகோட்டி