பாப்பாவின் இடது பக்கம்

சார்,

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று இன்று காலை மறுபடி ஒருமுறை காட்டிவிட்டு வந்தேன். பென்ஷனுக்காக வருஷா வருஷம் காட்ட வேண்டியிருக்கிறது. கை ரேகை தேய்ந்துபோய்விட்டது, மெஷினுக்கு என் விரல் பிடிபடவில்லை. இ-சேவை மையத்தில் இருந்த பெண் தன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சின்ன வட்டத்துக்குள் என் முகம் தெரிந்தது.

"தாத்தா, நேரா பாருங்க. கண்ணை மூடித் தொறங்க. இப்ப எடது பக்கம் லேசா திரும்புங்க. ஆங், வந்துட்டீங்க."

வந்துட்டீங்க என்ற அந்தச் சொல் என் கூடவே வந்தது. வெளியே வந்து, போச்சம்பள்ளி ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போவதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முகத்தை நேரே பார்ப்பது, பக்கத்திலிருந்து பார்ப்பது எல்லாம் நீங்களும் நானும் ஒரு காலத்தில் செய்த வேலை. எனக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அழகுபடுத்தாதே, சொன்னதை எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஓசூரில் நம் கம்பெனி கேட்டில் நான் வாட்ச்மேனாக உட்கார்ந்தபோது நீங்கள் டிராயிங் செக்ஷனில் இருந்தீர்கள். வருகிறவர்கள் பாஸை நீட்டுவார்கள். நான் வாங்கி, படிப்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். உண்மையில் நான் பார்த்தது ஆளை. லேத்தில் நிற்கிறவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். ஃபவுண்டரிக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வெயிலுக்கு வருவார். அதற்கு முன்னால் குந்தாரப்பள்ளிச் சந்தையில் என்னைப் பெற்ற அத்தாவோடு மாடு பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இருநூறு மாட்டில் நம் மாடு எது என்று எழுதி வைத்தா கண்டுபிடித்தோம்? அதே கண்ணை கேட்டுக்குக் கொண்டுவந்தேன். பல வருஷம் ஓடிவிட்டது. நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடித்தீர்கள்.

"பாய், பாஸைத் தலைகீழா புடிச்சிருக்கீங்க," என்று மெல்லச் சொன்னீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு.

உங்கள் பாப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போய், உங்களுக்கு டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வரும். "குடு பாப்பா, நான் உள்ள அனுப்பிடறேன்" என்றால் கேரியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். "அப்பா கையிலதான் குடுப்பேன்." சரி நில் என்பேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து நான் இருமினால் போதும், "அப்பா வருவாரா பாய்?" என்று கேட்கும், தலையைத் திருப்பாமலே. "இதோ வந்துடுவாரு பாப்பா" என்பேன். தினமும் இதே பேச்சு.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. நீங்கள் நான்காம் நாளே வேலைக்கு வந்தீர்கள். கேட்டைத் தாண்டும்போது என் பக்கம் பார்க்கவில்லை. நானும் எழுந்து நிற்கவில்லை. இருபது வருஷம் நாம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, சார்.

நீங்கள் ரிடையர் ஆகி, நானும் கேட்டை விட்ட பிறகு ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினீர்கள். முன்அறையில் ஒரு கம்ப்யூட்டர். பெங்களூரில் பழசாக வாங்கி வந்தது என்றீர்கள். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தோடு பாப்பாவின் ஸ்டுடியோ போட்டோ. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். கூரை ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டதாம். பிரித்தபோது கவுன் இருந்தது, ரிப்பன் இருந்தது, ஷூ இருந்தது. முகம் இருந்த இடம் வெள்ளையாக உரிந்துவிட்டது.

"பாய், அவளுக்கு சர்க்கரையில கண்ணு போயிட்டிருக்கு. டாக்டர் ஆறு மாசம்கறாரு. அதுக்குள்ள பாப்பா மூஞ்சியை ஒருதடவை காட்டிடணும்." அதன் பிறகு சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "எனக்குச் சரியா ஞாபகம் வரல. உங்களுக்கு இருக்கும்."

உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பேசிக்கொண்டோம். "முன்னாடியே சொன்னா ஆசைப்படுவா. வரலைன்னா தாங்கமாட்டா. முடிச்சிட்டுக் காட்டலாம்" என்றீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கம்ப்யூட்டரில் மனுஷ உருவம் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருந்தீர்கள். திறந்ததும் ஒரு ஆள், மயிர் இல்லை, துணி இல்லை, சோளக்கொல்லை பொம்மை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"சார், மொதல்ல அவனுக்கு ஒரு லுங்கியாவது கட்டுங்க. அம்மா வந்துடப் போறாங்க."

அன்றைக்கு நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சின்னப்பிள்ளை உருவம் ஒன்றை எடுத்தீர்கள். வெள்ளைக்காரக் குழந்தை. ஓரத்தில் வரிசையாகத் திருகுகள், மவுஸ் என்கிற எலியால் தள்ளினால் மூக்கு நீளும், கன்னம் உப்பும், நெற்றி ஏறும். நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வேன், நீங்கள் திருகுவீர்கள். காது மேல் நுனி கொஞ்சம் மடிந்திருக்கும் சார். காதுக்குக் கீழே கடுகளவு மச்சம். கன்னத்தில் குழி, சிரிக்காதபோதும் லேசாகத் தெரியும். நிறத்துக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. நீங்கள் மாநிறம் என்று ஒன்று போட்டீர்கள். இல்லை சார், புளியம்பழத்து ஓடு, அதுவும் நன்றாகக் காய்வதற்கு முன்னால் இருக்கிற ஓடு என்றேன். ஓர் ஓட்டைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக் கலர் கலந்தீர்கள். பின்னல் அதில் கிடையாது. சங்கிலி வரைகிற மாதிரி கண்ணி கண்ணியாக வரைந்து நீங்களே இரண்டு சடை கோத்தீர்கள்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "உருவம் செய்யறது நம்ம மார்க்கத்துல ஆகாதுங்களே. ஞாயித்துக்கெழமை ஆனா போய் உக்காந்துக்கறீங்க."

"நான் செய்யலடி. சொல்றேன். பார்த்த குழந்தையைப் பார்த்தபடி சொல்றது தப்பா?"

அடுத்த வாரம் உங்களுக்கென்று தேங்காய் போளி கட்டிக் கொடுத்தாள்.

திருகி முடித்தால் படம் உடனே வராது. ரெண்டர் ஆகுது என்பீர்கள், வேகுது என்பேன் நான். மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கி வரும். நெற்றி வர ஒரு டீ, மூக்கு வர இன்னொரு டீ. நடுவில் கரண்ட் போனால் மறுபடி நெற்றியிலிருந்து.

மூன்றாம் மாதம் பக்கவாட்டில் திருப்பி ஒரு படம் வேகவைத்தீர்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பாப்பாவேதான். கையில் கேரியர் ஒன்றுதான் இல்லை. அவசரமாக நேராகத் திருப்பிப் போட்டீர்கள். யாரோ ஒரு குழந்தை. பக்கவாட்டில் போட்டால் பாப்பா, நேரே போட்டால் யாரோ. மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. உங்களுக்குக் கோபம் வந்தது.

"என்ன பாய் இது? சைடுல ஆமாங்கறீங்க, நேரா இல்லைங்கறீங்க. ஒரே மூஞ்சிதானே?"

"எனக்கென்ன சார் தெரியும். இது நம்ம பாப்பா இல்ல."

அப்போதுதான் நீங்கள் வேலை செய்கிற முறையைச் சொன்னீர்கள். டிராயிங் செக்ஷனில் ஷாஃப்ட் என்றாலும் டை அச்சு என்றாலும் நடுக்கோடு போட்டுப் பாதிதான் வரைவீர்களாம். மறுபாதி அதேதான் என்று எல்லாருக்கும் தெரியும். முப்பது வருஷப் பழக்கம். பாப்பா முகத்திலும் வலது பாதியை நான் சொன்னபடி செய்துவிட்டு, ஒரு பட்டனை அழுத்தி அதையே இடது பக்கம் கவிழ்த்து ஒட்டியிருக்கிறீர்கள்.

"மனுஷங்க அப்படி இருக்கமாட்டாங்க சார். மாடே அப்படி இருக்காது."

"சரி, எடது பக்கம் எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அந்த அறையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, என் இடம் இது, கேட் கம்பி இங்கே, பாப்பா இங்கே, உங்கள் செக்ஷன் கதவு அங்கே என்று நின்று பார்த்தேன். வரும்போது ஓடி வரும், முகம் நிலைக்காது. போகும்போது முதுகு. நின்ற நேரமெல்லாம் எனக்கு வலது பக்கம். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"எடது பக்கத்தை நான் பாத்ததே இல்ல சார். நீங்க வர்ற வரைக்கும் உங்க கதவையேதான் பாத்துக்கிட்டு நிக்கும்."

நீங்கள் எலியிலிருந்து கையை எடுத்தீர்கள். பிறகு, "எவ்ளோ நேரம் நிப்பா?" என்றீர்கள்.

"சோத்து மணி அடிச்சதுலேர்ந்து. சில நாள் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மறுமணி அடிக்கிற வரைக்கும்."

"நான் வரும்போதுதான் அவளும் வர்றான்னு நெனைச்சேன் பாய்."

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நான் ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றரை மாதம் உங்களிடமிருந்து ஆள் வரவில்லை. என் வாயை நானே திட்டிக்கொண்டு கிடந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அரை மணியாகக் குறைத்திருக்கலாம்.

பிறகு ஒரு காலை, தூறலில் குடை இல்லாமல் நீங்களே என் வீட்டுக்கு வந்தீர்கள். "அவளுக்குக் கண்ணு முழுசா போயிடுச்சு பாய். இனிமே மறைச்சு என்ன? அவகிட்டயே கேட்டுடலாம் வாங்க."

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், கோபம் வந்தால்கூடக் குரல் ஏறாது. நீங்கள் சொல்லத் தடுமாறியபோது அவரே சொன்னார்.

"ரெண்டு கெழவனும் கதவைச் சாத்திக்கிட்டு மூணு மாசமா காது, மச்சம், சடைன்னு பேசினா எனக்குக் கேக்காதா? கண்ணுதான் போச்சு."

"ஏன்டி அப்பவே சொல்லல?"

"கேப்பீங்கன்னு இருந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அம்மா தன் இடது கன்னத்தில் விரலை வைத்தார். இந்தப் பக்கம் குழி இல்லை. புருவத்தில் ஒரு கோடு, தொட்டில் கம்பி பட்டது, அங்கே மயிர் முளைக்கவில்லை. சிரித்தால் இந்தக் கண் மட்டும் சின்னதாகும். பால் குடிக்கும்போது அவருக்கு மேலே தெரிந்த பக்கமாம் அது. ஒரு வரி தயக்கம் இல்லாமல் சொன்னார். நீங்கள் அங்கிருந்து முன்அறைக்கு ஓடி ஓடித் திருகினீர்கள்.

மத்தியானம் படம் வேகத் தொடங்கியது. அம்மாவைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தீர்கள். நீங்கள் எலியைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் வருவதை நான் சொன்னேன். நெத்தி வந்துடுச்சும்மா. புருவம் வருது. கோடு இருக்கு. கண்ணு வருது. இப்ப மூக்கு. கன்னம் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். ஏனென்றால் அந்த நேரான முகத்தை நான் வாழ்க்கையில் முதல்தடவை பார்த்தேன், பார்த்ததும் அதுதான் பாப்பா என்று தெரிந்தது.

"பந்தளா?" என்றார் அம்மா. வந்துட்டாளா என்று அவர் பாஷையில்.

நீங்கள் சொல்லட்டும் என்று பார்த்தேன். "பந்தளும்மா" என்றேன்.

அவர் கையை நீட்டித் திரையைத் தடவினார். வழவழவென்று வெறும் கண்ணாடி. கையை எடுத்துக்கொண்டார்.

"யாரைப் பாக்கறா?"

அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "என்னை."

"அப்ப சரி," என்றார். "கூட்டிட்டுப் போய்ப் படுக்க வையுங்க. இடுப்பு வலிக்குது."

அதற்குப் பிறகு அம்மா இரண்டு வருஷம் இருந்தார். இன்னும் சில வருஷத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கம்ப்யூட்டரை யார் எடுத்துப்போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எனக்கென்று அச்சடித்துக் கொடுத்த தாள் வெளுத்து வெளுத்து வெறும் தாளாகிவிட்டது. அதையும் வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்டால் தெரியாது.

பாப்பா எவ்வளவு நேரம் நின்றது என்று அன்று நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்ததில் கேட்கத் தோன்றவில்லை. அது நடந்ததுதான் சார். ஆனால் அதைச் சுமந்துகொண்டு கடைசிவரை நடந்தது நீங்கள், சொல்லிவிட்டுப் போனது நான். அந்தப் பாரம் இப்போது என் பக்கம் வந்திருக்கிறது.

ரொம்பக் களைப்பாக இருக்கிறது. மத்தியானத்தில் கண்ணை மூடினால் கேட் வந்துவிடுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாப்பா நிற்கிறது, பழையபடி எனக்கு வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு. முன்பெல்லாம் அதோடு நின்றுவிடும். இப்போது நான் இருமினால் திரும்புகிறது. புருவத்துக் கோடு, குழி இல்லாத அந்தக் கன்னம், எல்லாம் தெரிய நேராக என்னைப் பார்த்துக் கேட்கிறது.

"இதோ வந்துடுவாரு பாப்பா," என்கிறேன்.